கீழப் பாதையில் போன மூவர்

தென்காசி, காலை 7.40.

சென்னை ரயில் இருபது நிமிடம் தாமதமாக வந்து நின்றது. இறங்கியதுமே மூக்குக் கண்ணாடியில் நீர்த்துளிகள். மழையென்று நினைத்துப் பையில் குடையைத் துழாவினேன். கூடவே இறங்கியவர், "இதுக்கெல்லாம் கொடை பிடிச்சா ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சுரும் சார். இது வெறும் சாரலு" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போனார். ஆனி மாதக் கடைசி. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டும் இருந்தது.

நான் ஊருக்குப் புதியவன் இல்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன், இதே சாரல் காலத்தில் இங்கே வந்திருக்கிறேன். வந்தது மட்டுமல்ல, காணாமலும் போயிருக்கிறேன்.

பதற வேண்டாம், விவரமாகவே சொல்லிவிடுகிறேன். நான், சேவியர், முரளி மூவரும் சென்னையில் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். குற்றாலத்துக்கு வந்த இடத்தில், செண்பகாதேவி அருவியையும் தாண்டி உள்காட்டில் இருக்கும் தேனருவியைப் பார்த்தே தீருவது என்று கிளம்பினோம். அனுமதி கேட்கவில்லை. வழி தவறியது. இரண்டு இரவுகள் காட்டில் கிடந்து, மூன்றாம் நாள் கேரளப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் போய் விழுந்தோம். அங்கே கொடுத்த மரவள்ளிக்கிழங்கை ஆளுக்கு ஒரு தட்டு தின்றுவிட்டு, ஆரியங்காவில் ரயிலேறிக் கொல்லம் போய், அப்படியே சென்னைக்குப் போய்விட்டோம்.

குற்றாலத்துக்குத் திரும்பவில்லை. காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததற்குக் கேஸ் போடுவார்கள் என்று தோட்டத்தில் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். மூவருக்கும் வேலை உத்தரவு வருகிற நேரம். கேஸ் என்று ஒன்று வந்தால் வாத்தியார் வேலை போச்சு. லாட்ஜில் ஒரு ரெக்ஸின் பையும் மூன்று லுங்கிகளும் இருந்தன. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டோம். லாட்ஜ் பதிவேட்டில் சேவியர் விளையாட்டுக்கு எழுதி வைத்திருந்ததோ பொய்ப் பெயர், பொய் முகவரி. இனி யாரும் நம்மைக் கண்டுபிடிக்க முடியாது என்று ரயிலில் கைகொட்டிச் சிரித்தோம். நம்மைக் காணவில்லை என்று அங்கே யாராவது கலங்குவார்கள் என்று மூன்று மண்டைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

போன மாதம் என் மகள் கைப்பேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். 'குற்றாலம் மலையில் மாயமான மூவர்! நடந்தது என்ன?' திகில் இசைக்கு நடுவே, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழில் பார்த்த ஒரு முதியவர் பேசினார். "அந்தப் பிள்ளையளுக்கு நான்தான் வழி சொன்னேன். மேல, கீழ மாத்திச் சொல்லிட்டேனோ என்னமோ. மூணு உயிரு" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. குரல் மறக்கவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சி.

அவர் வழி சொன்னது நிஜம். 'செம்பகாதேவி தாண்டுனா பாதை ரெண்டாப் பிரியும். மேலப் பாதையில போயிராதிய, கீழப் பாதையில போங்க' என்றார். பிரிகிற இடத்தில் ஒரு பாதை மேட்டில் ஏறியது, இன்னொன்று ஓடைக்குள் இறங்கியது. அவர் சொன்னபடியே கீழே இறங்கினோம். அதுதான் எங்களைக் கேரளா வரை இழுத்துக்கொண்டு போனது. அதனால், முப்பத்தொரு வருடமாகக் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், 'ஒரு ஆள் தப்பா வழி காட்டிட்டான்' என்றுதான் ஆரம்பிப்போம்.

நாங்கள் சாகவில்லை, உங்கள்மேல் கோபமும் இல்லை என்று அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம். ஓசூரில் இருக்கும் முரளிக்கு முழங்கால் வலி. சேவியர் இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டான். இந்த ஊருக்கு அவன் இல்லாமல் வருவேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போது பழக்கதோஷத்தில் அவனுக்கும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

குற்றாலம், 9.15.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ். ஐந்தாறு கிலோமீட்டர்தான். பெண்கள் அனைவருக்கும் இலவசம், எனக்குப் பத்து ரூபாய். இலஞ்சி தாண்டியதும் காற்றே வேறு. அருவி இருக்கும் திசையை மூக்கு சொல்லிவிடுகிறது: நனைந்த பாறை, நல்லெண்ணெய், பஜ்ஜி.

மெயின் அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பித் தடுப்பு, ஒலிபெருக்கி, போலீஸ், வரிசை எல்லாம் புதிது. தண்ணீர் மட்டும் எங்கள் காலத்துத் தண்ணீர். அன்றைக்கு அதோ அந்தப் பாறைப் பக்கம்தான் மூவரும் வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். சேவியருக்கு உடம்பெல்லாம் கூச்சம். அண்ணாச்சி விலாவில் கை வைக்கும்போதெல்லாம் துள்ளி எழுந்து ஓடினான். 'தம்பி, வெரால் மீனைப் பிடிச்சா தேய்க்கிறது?' என்று அவர் கேட்டதில் பக்கத்தில் குளித்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு இப்போதும் காது ஏங்குகிறது.

டீக்கடையில் சும்மா பேச்சைக் கிளப்பினேன். "மலையில மூணு பேர் காணாமப் போனாங்களாமே?"

டீ போடுபவர் உற்சாகமாகிவிட்டார். "ஆனை மிதிச்சிருக்கும் சார். மிதிச்சு, பொறவு ஓடை அடிச்சுட்டுப் போயிருக்கும். ஒரு செருப்பு கெடைச்சுதுல்லா!"

சேவியரின் இடது செருப்பு. ஓடையில் வழுக்கி விழுந்தபோது போனது. அதை எண்ணி அவன் கொல்லம் வரை அழுதான்.

"ஆனையாவது பூனையாவது. அதெல்லாம் கெடையாது வே" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். "சித்தர் கூட்டிட்டுப் போயிட்டாரு. மூணு பேரும் இன்னமும் மேல கொகையில தவம் இருக்காவ. பௌர்ணமிக்கு வெளிச்சம் தெரியும், நானே பாத்திருக்கேன்."

முரளி தவம் இருப்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். அவனால் ஒருவேளை சாப்பாடு தள்ளிப்போனால் தாங்காது.

பழக்கடைக்காரம்மாளுக்கு வேறு கருத்து. மங்குஸ்தான் கிலோ முந்நூறு ரூபாய் என்று சொல்லி, இருநூற்றெழுபதுக்கு இறங்கி வந்து, நிறுத்துக்கொண்டே சொன்னார்: "தவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. புளியறை வழியா மலையாளத்துக்கு ஓடிருப்பானுவ. அங்கன ஆளுக்கொருத்தியக் கெட்டிக்கிட்டுச் சௌக்கியமா இருப்பானுவ. ஆம்பளைய காணாமப் போறதெல்லாம் அப்படித்தானே சார்?"

பாதி உண்மையை நெருங்கிவிட்டார் என்பதால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி எங்கே என்று கேட்டேன். அம்மாளின் முகத்தில் கேலி போய்விட்டது.

"அவரு தொழில விட்டு நாலு வருஷம் ஆவுது. கண்ணு மங்கிட்டு. கீழப்பாவூர்ல மவ வீட்டுல இருக்காரு. பாவம் சார். அந்த மூணு பேரு போனதுலருந்து அவரு யாருக்கும் வழியே சொல்லமாட்டாரு. பஸ் ஸ்டாண்டு எங்கன இருக்குன்னு கேட்டாக்கூட, 'எனக்குத் தெரியாது, வேற ஆள்ட்ட கேளுங்க'ம்பாரு. கண்ணு முன்னால பஸ் நிக்கும்!"

வாங்கிய மங்குஸ்தானை அங்கேயே நின்று உடைத்தேன். வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

கீழப்பாவூர்ச் சாலை, 11.30.

மறுபடி தென்காசிக்கு வந்து பஸ் மாறினேன். கிழக்கே பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர். மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, வயலும் செங்கல் சூளையும் காற்றாலையுமாகப் போகிற சாலை. சாரல் விட்டுவிட்டது. பக்கத்தில் ஒரு பெண்மணி மடியில் பூந்தொட்டியோடு உட்கார்ந்திருந்தார். பொழுது போகாமல் ஒரு கேள்வி கேட்டேன்.

"மேலப்பாவூர்னு ஒரு பலகை பார்த்தேனே. அது மேட்டுல இருக்கா?"

"மேட்டுலயா? ஏன் சார்?"

"கீழப்பாவூர் கீழே இருக்குன்னா, மேலப்பாவூர் மேலே தானே இருக்கணும்?"

அந்தம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா கேட்டிய போங்க! ரெண்டு ஊரும் ஒரே தரைதான். மேக்க இருக்கறது மேலப்பாவூர். கெழக்க இருக்கறது கீழப்பாவூர்."

"மேலன்னா மேற்கா?"

"பொறவு? எங்க மேல வீட்டுக்காரின்னா அவ மாடியிலயா குடியிருக்கா? எனக்கு மேக்க இருக்கா, அம்புட்டுத்தான்."

நான் பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செடி என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. மேலப் பாதையில் போகாதீர்கள் என்றால் மேற்குப் பாதையில் போகாதீர்கள். கீழப் பாதை என்றால் கிழக்குப் பாதை. கிழக்குப் பாதை மேட்டில் ஏறியது, மேற்குப் பாதை ஓடைக்குள் இறங்கியது. அவர் திசை சொன்னார், நாங்கள் மேடு பள்ளம் பார்த்தோம். தேனருவிக்குச் சரியான வழியைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

நான் புவியியல் ஆசிரியன். முப்பது வருடமாகக் கரும்பலகையில் திசைகாட்டி வரைந்து வருகிறேன். கீழ்ப்பாக்கத்தில் எட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அது யாருக்குக் கீழே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மன்னிப்பு கொடுக்கப் போகிறவனாகச் சென்னையில் ரயிலேறினேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவன் மன்னிப்பு கேட்கப் போகிறவன்.

கீழப்பாவூர், 12.20.

நரசிம்மர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணாச்சியின் மகள் பேச்சியம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். முற்றத்து வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். உடம்பு வற்றியிருந்தாலும் கைகள் அப்படியே இருந்தன, அகலமாக, விரல் நுனி தட்டையாக.

"அண்ணாச்சி, நான் சென்னையிலிருந்து வர்றேன். அன்னைக்குத் தேனருவிக்கு வழி கேட்டோமே, அந்த மூணு பேர்ல நான் ஒருத்தன்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "போன வாரமும் ஒருத்தன் இப்படித்தான் வந்தான். வீடியோ எடுக்கணும்னான். போய்ட்டு வாங்க சார்."

"இல்ல அண்ணாச்சி, நிஜமாவே..."

"செத்த பிள்ளையள வச்சு வெளையாடாதிய" என்றார். குரல் உயரவில்லை. பேச்சியம்மாள் பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

என்ன சாட்சி சொல்வது? அடையாள அட்டையில் என் பெயர் இருக்கிறது. அவருக்கு என் பெயரே தெரியாது. முகத்தைக் காட்டலாமென்றால் அவருக்குக் கண் தெரியாது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "அண்ணாச்சி, நீங்க எண்ணெய் தேய்ச்சப்போ என் தலையில..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சொல்லாதிய. உக்காருங்க இங்கன. பேச்சி, எண்ணெயக் கொண்டா."

அவர் காலடியில் மணைப்பலகையில் உட்கார்ந்தேன். உச்சியில் எண்ணெய் விழுந்தது. கை தலையில் பரவியது, நெற்றியிலிருந்து பின்னே, காதோரம் சுற்றி, மறுபடி உச்சிக்கு. அங்கே நின்றுவிட்டது. ஏழு வயதில் மாமரத்திலிருந்து விழுந்த பள்ளம், கட்டைவிரல் அளவு. அவருடைய கட்டைவிரல் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெகுநேரம் எடுக்கவில்லை.

"மாமரம்" என்றார் மெதுவாக. அன்றைக்கு அவர் கேட்டு நான் சொன்ன கதை.

"ஆமா அண்ணாச்சி."

"மத்த ரெண்டு பேரும்?"

"மூணு பேருமே வந்துட்டோம். கேரளாப் பக்கம் எறங்கி ஊருக்குப் போயிட்டோம்."

அவர் கேட்ட அடுத்த கேள்வி, நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. "நான் மாத்தியா சொன்னேன்?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. கீழப் பாதைன்னா கிழக்குப் பாதைன்னு எங்களுக்குத் தெரியல. பள்ளத்துல எறங்குற பாதைன்னு நெனச்சு எறங்கிட்டோம். தப்பு எங்க மேலதான். இன்னைக்குக் காலையில பஸ்ஸுலதான் அது எனக்குப் புரிஞ்சுது."

கை மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. இப்போது அழுத்தம் கூடியிருந்தது. "எட்டு நாள் தேடுனோம். நான் கீழப் பாதைன்னு சொன்னதுனால பாரஸ்டுக்காரவுகளும் கீழப் பாதையிலயே தேடுனாவ. ஒண்ணும் இல்ல. மேக்க ஓடைக்குள்ள ஒத்தச் செருப்பு கெடந்துச்சு. ஊர்ல எல்லாரும், 'நீதான் மாத்திச் சொல்லிருக்க'ன்னாவ. நூறு பேர் சொன்னா நமக்கே அப்படித்தான் தோணும்."

சட்டென்று கை நின்றது.

"ஏலே! ஒரு காயிதம் போடக் கூடாதாலே? பதினஞ்சு பைசா கார்டு! 'உசிரோட இருக்கோம்'னு ஒரு வரி!"

வழுக்கை விழுந்த ஐம்பத்தேழு வயது ஆளை 'ஏலே' என்று கூப்பிட இனி எனக்கு ஆளில்லை என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

பேச்சியம்மாள்தான் சொன்னார். "வருசா வருசம் ஆடி அமாவாசைக்குக் குத்தாலம் போயி, எங்க தாத்தாவுக்கு எள்ளும் தண்ணியும் விடும்போது ஒங்க மூணு பேருக்கும் சேத்து விடுவாவ. பேரு தெரியாதுல்லா, 'மெட்ராஸ் பிள்ளையளுக்கு'ன்னு சொல்லுவாவ. போன வருசம்கூட நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

உயிரோடிருக்கும்போதே முப்பது வருடம் எனக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார் ஒருவர், என் பெயர்கூடத் தெரியாமல்.

"இந்த வருசம் அந்தச் சோலி இல்ல" என்றார் அண்ணாச்சி. முதல் முறையாக லேசாகச் சிரித்தார். "மூணு பேருக்கும் நிறுத்திரலாம். அந்த வெரால் மீனு எப்படி இருக்கான்?"

அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சௌக்கியம் என்று ஒரு சொல் போதும். ஆனால் எங்கள் பொய்யால் அவர் பட்டது போதுமென்று தோன்றியது. "அவன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால தவறிட்டான் அண்ணாச்சி. நெஞ்சுவலி. வீட்டுலதான். பக்கத்துல எல்லாரும் இருந்தாங்க."

அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"அப்ப ரெண்டு பேருக்கு மட்டும் நிறுத்திருதேன். அவன் பேரச் சொல்லுங்க."

"சேவியர்."

"வேதக்காரப் பிள்ளையா?" கொஞ்சம் யோசித்தார். "அவுகளுக்கு எள்ளும் தண்ணியும் உண்டோ?"

"முப்பது வருஷமா வாங்கிப் பழகிட்டானே அண்ணாச்சி" என்றேன்.

"அதுஞ் சரிதான்" என்றார். "சேவியரு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாலை 4.00.

பேச்சியம்மாள் வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொன்னார். அவியலும் சொதியுமாகச் சோறு போட்டார். சேவியர் லாட்ஜ் பதிவேட்டில் எழுதிய பொய்ப் பெயரை அண்ணாச்சிக்குச் சொன்னேன். அந்தப் பெயருள்ள ஆளைத் தேடிப் போலீஸ் மதுரை வரை போனதாம். ஓசூருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். முரளி வாய் திறக்கும் முன்னே, "ஏலே, நீ சாப்பாட்டு ராமன்தான?" என்று அவர் கேட்டார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கிளம்பும் நேரம் தெருமுனை வரை வந்தார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. சாலைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். "தென்காசி பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். அவர் வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி, "இரு, நான் சொல்லுதேன்" என்றார். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் முகத்தை வெயில் படும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கையை நீட்டினார். "இந்தா, இந்தப் பக்கம் நில்லுங்க. மேல போற பஸ்ஸுல ஏறுங்க. கீழ போறதுல ஏறிராதிய." பிறகு சந்தேகம் வந்தவராக, "மேலன்னா..." என்று இழுத்தார்.

"மேற்கு, அண்ணாச்சி."

"ஆங்" என்றார்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சென்னையில் என் வீட்டு வாசல் எந்தத் திசை பார்க்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். இருபது வருடம் குடியிருந்தும் தெரியவில்லை. ஆட்டோக்காரருக்கு எப்போதும் வலது, இடது என்றுதான் சொல்லியிருக்கிறேன். எதிரே மேகம் விலகி மலை முழுவதும் தெரிந்தது. தலையில் இன்னும் எண்ணெய் வாசனை. திரும்பிப் பார்த்தபோது அண்ணாச்சி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.